காய்ச்சலில் கிடந்த எழுத்து

1

இது கதையாகப் பிறந்தது அல்ல. எங்கள் கல்லூரியில் இந்த 1109ஆம் கொல்ல ஆண்டுக்கு (இங்கிலீஷ் கணக்கில் 1934) ஒரு கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். தலைப்பு, ‘பாலர் கல்வியில் விளையாட்டின் இடம்’. நானும் உட்கார்ந்தேன். “பாலர் என்போர் சிறு பிராயத்தினர் ஆவர்” என்று முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வரவில்லை. யோசித்துப் பார்த்ததில், அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது முழுவதும் முதல் வாக்கியத்திலேயே தீர்ந்துபோயிருந்தது.

விடுதியில் என் அறைத்தோழன் யேசுதாசன். புதுக்கடைக்குத் தெற்கே கடலோரத்து ஊர்க்காரன். அவனுடைய அக்காள் குளோரி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு நடத்துகிறாள். இன்று மத்தியானம் அந்த ஊரிலிருந்து ராஜையன் என்பவர் யேசுதாசனுக்குக் கருவாடு கொண்டுவந்தார். கருவாட்டோடு ஒரு சங்கதியும் கொண்டுவந்தார். இன்று காலையில்தான் நடந்தது. பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியே கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்.

ஆகவே, முடிவு அங்கே ஊரில் இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். போட்டிக்கு நாளை கடைசி நாள்.

(கட்டுரைக்குப் பாதிச் சங்கதி ஆகாது. கதைக்கு ஆகும் என்று நினைக்கிறேன். ஆகாவிட்டால் பரிசு போகும். அது எப்படியும் போகத்தான் போகிறது.)

2

தொடக்கங்கள்.

“கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அலைகடலின் மடியிலிருந்து எழுந்தபோது” — அந்த ஊரில் கடல் மேற்கே இருக்கிறது. அடித்துவிட்டேன்.

“கல்வியே கண்” — இதை மற்ற எல்லோரும் எழுதியிருப்பார்கள். நடுவருக்கும் கண் இருக்கிறது. அடித்துவிட்டேன்.

“குளோரி அழுதாள்.” — இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டே சொல்; வாசகர் பதறி அடுத்த வரிக்கு வருவார். யேசுதாசன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். “ஏலே, எங்க அக்கா அழமாட்டா. அழவைப்பா” என்றான். அடித்துவிட்டேன்.

அவள் அழமாட்டாள் என்றால் என்னதான் செய்வாள்? அங்கிருந்து தொடங்கலாம்.

3

குளோரி ஒரு கன்னியர் மடத்தில் பாலர் வகுப்பு நடத்தப் படித்தவள். அங்கே குழந்தைகளுக்கு எழுத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பாடம். அதற்கென்று கம்பளிப் பந்துகளும், வர்ணம் பூசிய மரக்கட்டைகளும், கண்ணாடி மணிகளும் ஒரு பெரிய பெட்டியில் இருந்தன. குளோரி படித்து முடித்து ஊருக்கு வந்தாள். பெட்டி மடத்திலேயே இருந்தது.

அதுவரை ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் தலைமையாசிரியர் ததேயுஸ் சார். அவருடைய முறை எளியது. மணலைப் பரப்பு, பிள்ளையின் விரலைப் பிடி, ‘அ’ எழுது, விரல் நோகும் வரை எழுது, நோகிறது என்றால் பிரம்பு. இந்த முறையில் கற்றவர்கள் ‘அ’வை ஒருநாளும் மறந்ததில்லை. பலருக்கு ‘ஆ’ வந்ததில்லை, அது வேறு விஷயம்.

பங்குச் சாமியார் குளோரிக்குக் கோயில் பக்கத்துக் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தார். ஓர் ஆண்டு. அதன் முடிவில் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் முதல் வகுப்புக்குத் தேறினால் கொட்டகையும் வகுப்பும் நிலைக்கும். தேறாவிட்டால் பிள்ளைகள் ததேயுஸ் சாரின் மணலுக்குத் திரும்புவார்கள். குளோரி லேஸ் பின்னப் போவாள். அவளுடைய அப்பா அதற்கு ஓர் இடமும் பேசி வைத்திருந்தார். லேஸ் நல்ல வேலைதான். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், வெயில் கிடையாது, கல்யாணத்துக்கும் எடுபடும். குளோரிக்கு ஊசியைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

முதல் நாள் மடத்தில் படித்த முயல் விளையாட்டை நடத்தினாள். வட்டமாக நிற்க வேண்டும். முயலைப்போலத் தாவ வேண்டும். தாவி நிற்கும் இடத்தில் உள்ள எழுத்தைச் சொல்ல வேண்டும். முயல் என்றால் என்ன என்று விளக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவழியாகத் தாவத் தொடங்கியபோது கரையிலிருந்து மீன் ஏலத்தின் குரல் கேட்டது. முயல்கள் அத்தனையும் கொட்டகையை விட்டுப் பாய்ந்தன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் குளோரியும் முயல்களோடு ஓடினாள்.

(இந்த இடத்தில் “அவள் உள்ளத்தில் ஒரு மின்னல்” என்று எழுதியிருந்தேன். மின்னல் ஒன்றும் இல்லையாம். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைக்கும் அலுப்புதானாம்.)

4

கரையில் அவள் கண்டது இது. ஏலக்காரர் சாளை மீன் குவியலின்முன் நின்று விலையை ஏற்றுகிறார். அவரைச் சுற்றி வியாபாரிகள். வியாபாரிகளின் கால் இடுக்குகளில் அவளுடைய வகுப்பு. ஏலக்காரர் வாயைத் திறக்கும்முன்பே பிள்ளைகள் உதட்டசைத்து “ஒருதரம், ரெண்டுதரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘அ’வைச் சொல்லச் சொன்னால் கூரையைப் பார்க்கும் யோவான், எந்த மீன் எந்தக் குவியலில் என்பதைப் பிழையில்லாமல் சொன்னான். வேளாங்கண்ணி என்ற சிறுமி ஏலக்காரரின் தொண்டையைக்கூட அப்படியே எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் குளோரி பனையோலையை மீன் மீனாக நறுக்கினாள். ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் கரியால் ஓர் எழுத்து.

திங்கட்கிழமை கொட்டகையில் ஏலம். காசு கிடையாது, சொல்தான் விலை. ‘ம’ மீனைத் தூக்கிக் காட்டினால், ‘ம’ வருகிற சொற்களைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். எழுத்து சொல்லின் தலையில் இருந்தாலும் சரி, வாலில் இருந்தாலும் சரி. ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொன்னால் செல்லாது. கூடுதல் சொல் சொன்னவருக்கு மீன். ஏலம் கூறுவது வேளாங்கண்ணி. “மூணு சொல்லு ஒருதரம், மூணு சொல்லு ரெண்டுதரம்” என்று அவள் கூவுகிறபோது சில நாள் உண்மையான வியாபாரிகளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

எடுத்த மீன் அடுத்த திங்கள் வரை எடுத்தவருக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பிறகு வாரம் முழுவதும் கூட்டு. பலகையில் குளோரி ஒரு சொல்லை எழுதுவாள். அதிலுள்ள எழுத்துகளின் சொந்தக்காரர்கள் எழுந்து வரிசையாக நின்று, ஆளுக்கு ஓர் எழுத்தைச் சொல்லிச் சொல்லை இழுத்துக் கரையேற்ற வேண்டும். வாரம்தோறும் மீன் கைமாறும் என்பதால் எல்லா எழுத்தும் எல்லாருக்கும் வந்துவிட்டது. பொங்கலுக்குள் அந்தக் கொட்டகைப் பிள்ளைகள் கடைப் பலகை, கல்லறைக் கல், தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கூட்டமாகத்தான் வாசித்தார்கள் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நானும் இந்தப் பத்தியை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

5

(கரையின் சட்டம் பற்றி ஒரு குறிப்பு. இதை விட்டுவிட்டு வாசித்தால் பின்னால் இடறும்.)

அந்த ஊரில் கரமடி இழுத்தால், அதாவது கரையில் நின்று பெரிய வலையைக் கயிற்றோடு இழுத்தால், கயிற்றில் கைவைத்த எல்லாருக்கும் பங்கு உண்டு. கூட்டில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் அவனுக்கும் உண்டு. அவன் பங்கை மணலில் தனியாகக் கூட்டி வைப்பார்கள். வீட்டார் வந்து எடுக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். காக்கை கொத்தலாம், மனிதன் தொடக்கூடாது. தொட்டவனைப் பற்றி அந்த ஊரில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உப்புக்காற்றைப்போல அதுவாகவே உள்ளே போய்விடுகிறது.

6

ததேயுஸ் சாரை என்ன செய்வது?

முதல் படியில் அவருக்குப் பெரிய மீசையும் சிவந்த கண்ணும் வைத்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? யேசுதாசன் வாசித்துவிட்டு, அவரிடம்தான் தானும் எழுத்துப் படித்ததாகவும், தன் அம்மை இறந்த வருஷம் அவர் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து தன்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போனதாகவும் சொன்னான். பிரம்பு? அதுவும் இன்னொரு கையில் இருந்ததாம்.

எனவே மீசையை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு எழுத்துப் படிக்க முடியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். நல்ல மனிதர். கதைக்கு மிகவும் இடைஞ்சலான வகை.

7

இனி இன்று காலை.

இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் மணலில் நடந்து வந்ததில் கொட்டகைக்குள் கால் வைத்தபோதே சலித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ததேயுஸ் சார் பக்கத்தில் நின்றார். குளோரி பிள்ளைகளை உட்காரவைத்தாள். முத்துக்கனியின் இடம் மட்டும் காலி. அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

இன்ஸ்பெக்டர் எழுந்து பலகையில் ‘கடல்’ என்று எழுதினார். கடலோரத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுவதாக நினைத்திருப்பார். முன்வரிசையில் இருந்த யோவானை வாசிக்கச் சொன்னார்.

யோவான் எழுந்தான். பலகையைப் பார்த்தான். “ட” என்றான். நின்றான்.

முதல் எழுத்து என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். யோவான் வேளாங்கண்ணியைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து அவனுக்கு இடப்பக்கம் நின்று “க” என்றாள். பிறகு இருவரும் முத்துக்கனியின் காலி இடத்தைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆளுக்கு ஓர் எழுத்துத்தான் தெரிகிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ததேயுஸ் சார் சன்னலுக்கு வெளியே பார்த்தார். சன்னலுக்கு வெளியே ராஜையன் கருவாட்டு மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

குளோரி விளையாட்டை விளக்கினாள். ஓலை மீன், ஏலம், கூட்டு எல்லாம். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். பரீட்சை என்றால் ஒரு பிள்ளை, ஒரு வாய் என்றும், நாலு பேர் சேர்ந்து எழுதும் பரீட்சைக்குத் தங்கள் ஊரில் காப்பி என்று பெயர் என்றும் சொன்னார். குளோரி யோவானிடம், முழுவதையும் நீயே வாசி மக்கா என்றாள். யோவான் வேளாங்கண்ணியிடம் திரும்பி என்னவோ கேட்டான். அவள் தலையாட்டினாள்.

“கட” என்று வாசித்தான் யோவான். நின்றான்.

“கடைசி எழுத்து?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அது முத்துக்கனிக்க எழுத்தாக்கும்.”

“உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“பின்னே சொல்லு.”

“அவ காய்ச்சலாக் கெடக்கா சார்” என்றான் யோவான். இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே என்பதைப்போல. “அது அவளுக்க பங்கில்லியா?”

வேளாங்கண்ணியைக் கேட்டார். அவளும் அதையே சொன்னாள். பின்வரிசையில் ஒரு பையனைக் கேட்டார். அவன் “தொடப்பிடாது” என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பதில் தெரியாத பிள்ளை எதையாவது சொல்லிச் சமாளிக்கும் என்று ததேயுஸ் சார் மெதுவாகச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

8

இங்கேதான் நான் பேனாவை வைத்துவிட்டு இரண்டு தரம் வராந்தாவில் நடந்தேன். ஏனென்றால் இன்ஸ்பெக்டர் அடுத்தாற்போல் செய்தது நியாயமான காரியம். அவர் குளோரியிடம், பையன் உங்கள் பேச்சைக் கேட்பான் போலிருக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவன் வாசித்துவிட்டால் நான் தேறினான் என்று எழுதிவிட்டுப் போகிறேன் என்றார்.

ஒரு வார்த்தை. குளோரிக்கு வாய் இருந்தது. யோவானுக்குக் காது இருந்தது. அவனும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மனத்தில் அப்போது என்ன ஓடியது என்று ராஜையனுக்குத் தெரியாது. சன்னல் வழியே மனம் தெரியாது. நான் போட்டுக்கொள்கிறேன். லேஸ் பின்னும் திண்டு ஓடியது. அதில் குத்தி நிற்கும் ஊசிகள் ஓடின. அவற்றின் முன்னால் குனிந்தபடி அவளே, முப்பது வயதில், நாற்பது வயதில். பிறகு யோவானின் முகம் ஓடியது. சொன்னால் இந்தக் கணமே வாசிப்பான். டீச்சர் சொன்னால் காய்ச்சலில் கிடப்பவளின் பங்கையும் எடுக்கலாம் என்று கூடவே கற்றுக்கொள்வான்.

அவள் சொன்னது மட்டும் ராஜையன் காதால் கேட்டது.

“நான் சொன்னா வாசிப்பான் சார். ஆனா சொல்லமாட்டேன். கெடக்கப்பட்டவளுக்க பங்க எடுன்னு பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுத்தா, நாளைக்கு இவங்க யாரும் எனக்க ஏலத்துக்கு நிக்கமாட்டாங்க. நானா இருந்தாலும் நிக்கமாட்டேன்.”

ததேயுஸ் சார் முதல் தடவையாகச் சன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாராம். அவரும் கரையில் பிறந்தவர்தானே.

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றினார். அவர் என்ன எழுதப்போகிறார் என்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்தது. அப்போது யோவான் எழுந்து, யாரும் கேட்காமலே சொன்னான்.

“சார், கேட்டா குடுப்பா. அவளுக்க வீடு அந்தா கெடக்கு.”

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். பேனாவை மூடினார். எழுந்தார்.

ஏன் எழுந்தார்? (அ) அவருக்கும் ஒரு மகள் இருக்கலாம். (ஆ) அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்திருக்கலாம். (இ) இருபது வருஷ உத்தியோகத்தில் தெரிந்த பதிலைச் சொல்லமாட்டேன் என்று நின்ற பிள்ளையை அவர் பார்த்ததே இல்லாமலிருக்கலாம். மூன்றில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றாவது. ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக எடுக்கவேண்டாம்.

முன்னால் யோவான், பின்னால் இன்ஸ்பெக்டர், அதற்குப் பின்னால் குளோரியும் ததேயுஸ் சாரும் மொத்த வகுப்பும். அந்த வரிசை மணலில் இறங்கியதைப் பார்த்துவிட்டு ராஜையன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

இதுவரை நடந்தது. இனி என்னுடையது.

9

முடிவு ஒன்று. முத்துக்கனி புன்னகையோடு ஓலை மீனை எடுத்து நீட்டுகிறாள். இன்ஸ்பெக்டரின் கண் கலங்குகிறது. வகுப்பு நிலைக்கிறது. கோயில் மணி

— யேசுதாசன் சிரித்துவிட்டான். “முத்துக்கனியா? கேட்டதும் குடுப்பாளா? அவளுக்க அம்மை புதுக்கடைச் சந்தையில மீன் விக்கப்பட்டவளாக்கும்.” மணியை நிறுத்திவிட்டேன்.

முடிவு இரண்டு. முத்துக்கனி தரமாட்டேன் என்கிறாள். வகுப்பு மூடப்படுகிறது. குளோரி லேஸ் திண்டின்முன் குனிகிறாள், ஒரு துளி. இதற்குப் பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் யேசுதாசன் இதைத் தன் அக்காளிடம் காட்டினால் அந்தத் துளி என்னுடையதாக இருக்கும்.

முடிவு மூன்று. இதை மட்டும் முழுவதும் எழுதிப் பார்க்கிறேன்.

வாசல் தாழ்வானது. இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே வருகிறார். சப்பாத்து நிறைய மணல். பாயில் முத்துக்கனி, நெற்றியில் ஈரத்துணி, மூடிய கையில் ஓலை மீன். அம்மை சந்தைக்குப் போயிருக்கிறாள். வாசலை அடைத்துக்கொண்டு வகுப்பு நிற்கிறது. இன்ஸ்பெக்டர் ஒரு தடவை இருமிக்கொள்கிறார். எத்தனையோ பள்ளிக்கூடங்களில் எத்தனையோ கேள்வி கேட்டவர்தான். ஓர் எழுத்தை இரவல் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

“மோளே, அந்த எழுத்தைக் கொஞ்சம் தருவாயா?”

முத்துக்கனி அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். யோவானைப் பார்த்தாள். யோவான் “கேக்கத்தான் வந்தோம், தொடல்ல” என்றான்.

“சும்மா தரமாட்டேன்” என்றாள் முத்துக்கனி. குரல் காய்ச்சலில் கட்டியிருந்தது, பேரம் கட்டவில்லை. “நான் அஞ்சு சொல்லு சொல்லி எடுத்ததாக்கும். நீரு எத்தன சொல்லுவீரு?”

இன்ஸ்பெக்டர் ததேயுஸ் சாரைப் பார்த்தார். ததேயுஸ் சார், ஆச்சரியமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் “ஸ்கூல்” என்று தொடங்கினார்.

“இங்கிலீசு செல்லாது” என்றது வகுப்பு.

வேளாங்கண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தொண்டையைச் சரிசெய்தாள். “அஞ்சு சொல்லு, ஒருதரம்.”

குளோரி பக்கத்தில்தான் நிற்கிறாள். அவளுக்கு ‘ல்’ வருகிற சொல் ஓராயிரம் தெரியும். வாய் திறக்க முடியாது. ஏலத்தில் டீச்சர் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று விதி போட்டவளே அவள்தான். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, ஓர் உத்தியோகஸ்தரின் வாயைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் எழுதுகிறவன், பாத்திரங்களுக்கு எடுத்துக்கொடுப்பது எனக்கும் அழகல்ல. யேசுதாசன் தூங்கிவிட்டான்.

நீங்கள் வெளியாள். உங்களைக் கட்டுகிற விதி ஒன்றும் இல்லை. அவளுடைய அஞ்சை மிஞ்ச ஆறு சொல் போதும். வாசலில் நிற்கிற பையன் நகர்ந்து இடம் விடுவான். கொஞ்சம் குனிந்து, இன்ஸ்பெக்டரின் இடக்காதுப் பக்கமாகச் சொல்லுங்கள், வலக்காது மந்தம். தீப்பெட்டி வாசித்தவர்களின் முன்னால் சொல்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். சொன்னதையே திரும்பச் சொன்னால் பிடித்துவிடுவார்கள்.

“அஞ்சு சொல்லு, ரெண்டுதரம்.”